நீறு பூத்த நெருப்பு

அலாரம் அடித்ததும் நான் செய்த முதல் காரியம் அதன் வாயை அடைத்ததுதான். நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம். கார்பன் மோனாக்சைடு என்ற, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சு வாயுவைக் கண்டால் கத்துவதற்காக வாங்கி, இரண்டு நாள்கூட ஆகாத பெட்டி அது. நாலு முறை கத்தும், கொஞ்சம் நிற்கும், மறுபடி நாலு முறை கத்தும். தூக்கக் கலக்கத்தில் மாடியிலிருந்து இறங்கிப்போய்ப் பார்த்தால், சின்னத் திரையில் 112 என்று ஓர் எண். வீட்டில் புகை இல்லை, வாசனை இல்லை, கணப்படுப்பில் நெருப்பும் இல்லை. புதுச் சாமான், ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி நடுவிலிருந்த பொத்தானை அழுத்தினேன். சத்தம் நின்றது. மாடியேறிப் போய்ப் படுத்தும்விட்டேன்.

சில நிமிடங்களில் அது மறுபடி கத்தியது. இந்த முறை மனைவிதான் முதலில் இறங்கினாள். திரையில் 131. "என்னங்க, அத்தையை எழுப்புங்க, முதல்ல எல்லாரும் வெளிய போவோம்" என்றாள். நான் "இரு, பேட்டரியைக் கழற்றிப் பார்க்கிறேன்" என்று சொன்னது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்லவேளை, அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததே பாதி அந்தக் கணப்படுப்பைப் பார்த்துத்தான். கூடத்தின் வெளிச்சுவரை ஒட்டிச் செங்கல்லில் கட்டிய, விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸ். சனிக்கிழமை மாலையானால் விறகை அடுக்கி மூட்டுவேன். மகள் கதைப் புத்தகத்தோடு அதன் முன்னால் சுருண்டு படுப்பாள். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவும் எங்களோடு வந்து தங்கியிருந்தார். மாடியேற முழங்கால் இடம்கொடுக்காது என்பதால் கூடத்தை ஒட்டிய அறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். நெருப்புக்குப் பக்கம், கதகதப்பாக இருக்கும் என்று வேறு சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் எல்லோருக்கும் தலை வலித்தது. எனக்கும் மனைவிக்கும் லேசாக. மகள் "வயித்தை என்னமோ பண்ணுது" என்பாள். அம்மாவுக்குத்தான் அதிகம்: தலைசுற்றல், குமட்டல், எழுந்திருக்கவே பிடிக்காத ஓர் அசதி. திங்கள்கிழமை எல்லாம் போய்விடும். வார அலுப்பு, சனி இரவு நேரங்கழித்துப் படுப்பது, ஃப்ளூ வரப்போகிறது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். ஃப்ளூ என்றால் ஒருவருக்காவது உடம்பு சுட வேண்டுமே என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு ஞாயிறு அம்மா ரொம்ப வாடிப்போயிருக்கவே, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பைப் போட்டுப் பார்த்தேன். 98 காட்டியது. அப்பாடா என்று அதைக் கழற்றிவைத்தேன். அந்த 98-ஐப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு இருந்தவர்கள் மாடிப்படி அருகே மாட்டிவைத்தது. நாங்கள் வந்த முதல் வருடமே நிமிடத்துக்கு ஒருதரம் 'கீச்' என்று ஒற்றைச் சத்தம் போட ஆரம்பித்தது. பேட்டரியை மாற்றினேன், நிற்கவில்லை. கழற்றி மேசை டிராயருக்குள் போட்டேன். எல்லாம் முடிந்தபின் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், மாற்ற வேண்டிய தேதி பின்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நாங்கள் குடிவருவதற்கு முன்பே அது கடந்துபோயிருந்தது. உள்ளே இருக்கும் சென்சார் ஒரு வேதிப்பொருள் சமாசாரம். தயாரிப்பைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டுவரை உழைக்கும், அப்புறம் செத்துவிடும். நான் கோளாறு என்று நினைத்த கீச்சுச் சத்தம், "என் ஆயுள் முடிந்தது, வேறு வாங்கு" என்று அது சொல்லிக்கொண்டிருந்த சேதி. இன்னொன்று: டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான அலாரங்களில் அந்தப் பொத்தான் பேட்டரியையும் ஒலியையும்தான் சோதிக்கிறது. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தேதிதான் சொல்லும்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு கேள்வி. மனைவியோடு வேலைபார்க்கும் ஒருவர், முன்பு நர்ஸாக இருந்தவர், பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்: "வீட்டைவிட்டு வெளிய போனா தலைவலி சரியாயிடுதா? எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா வருது?" இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லும்போதே இவளுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மாலையே எண் காட்டும் அலாரம் ஒன்றை வாங்கிவந்து, கூடத்துக்கும் அம்மா அறைக்கும் நடுவிலிருந்த அலமாரியில் வைத்தாள். எனக்கு அது வீண் செலவாகத்தான் பட்டது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். அம்மாவை எழுப்பினோம். கண்ணைத் திறந்து, "தூங்க விடுடா" என்றார். அம்மா நாலு மணிக்கே எழுந்துவிடுகிற ஆள், ஒரு தட்டுச் சத்தத்துக்கு விழித்துக்கொள்வார். அன்று இரண்டு பேர் உலுக்க வேண்டியிருந்தது. கட்டிலைவிட்டு இறங்கியதும் கால் மடிந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் கைத்தாங்கலாகப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வெளியே நின்றுதான் அவசர எண்ணை அழைத்தோம். அம்மாவின் கோட்டை எடுக்கத் திரும்ப உள்ளே காலெடுத்து வைத்தேன். போனில் இருந்தவர், "உள்ளே போகாதீர்கள், எதற்காகவும் போகாதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். காரின் ஹீட்டரைப் போட்டு உட்காருங்கள், ஆனால் கார் கராஜுக்குள் இருந்தால் வேண்டாம் என்றார். எங்கள் கார் தெருவில்தான் நின்றது.

தீயணைப்பு வீரர்கள் அளக்கும் கருவியோடு உள்ளே போனார்கள். அம்மாவின் அறையில் 160, கூடத்தில் 150, மாடியில் 80. பிபிஎம் கணக்கு அது. பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றும். அவர்களில் ஒருவர் கணப்படுப்பின் முன் குனிந்து, இரும்புக் கம்பியால் சாம்பலைக் கிளறினார். உள்ளே கங்கு தகதகவென்று சிவந்து கிடந்தது. நெருப்பே இல்லை என்று சொல்லியிருந்த நான் அப்போது வெளியே காரில் இருந்தேன். பிறகு அதைப் போட்டோவாகக் காட்டினார். 'நீறு பூத்த நெருப்பு' என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், எல்லாம் குடும்பச் சண்டைகளைப் பற்றிப் பேசும்போது. நிஜமாகவே ஒன்றைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி: "டேம்பரை மூடியது யார்?"

நான்தான். டேம்பர் என்பது புகைபோக்கியின் கழுத்தில் இருக்கும் இரும்புத் தகடு. திறந்திருந்தால் புகை மேலே போகும். மூடினால் அறையின் சூடு மேலே போகாமல் நிற்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்தரை மணி வாக்கில், தீ நாக்கு அடங்கிச் சாம்பல் படர்ந்ததும், காசு கொடுத்து வாங்கிய சூடு வானத்துக்குப் போவானேன் என்று அந்தத் தகட்டை இழுத்து மூடிவிட்டுத்தான் படுக்கப் போவேன். அதை ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்த புகைபோக்கிக்காரர் இதை எனக்குப் பொறுமையாகப் புரியவைத்தார். விறகு எரிவது இரண்டு கட்டமாக. முதலில் சூட்டில் விறகிலிருந்து வெளிவரும் வாயுக்கள் எரிகின்றன. நாம் பார்க்கும் மஞ்சள் தீ நாக்கு அதுதான். அதெல்லாம் தீர்ந்தபின் மிஞ்சுவது கரி. கரி கங்காகக் கனலும்போது புகை இருக்காது, வாசனையும் அநேகமாக இருக்காது. ஆனால் ஆக்சிஜன் போதாமல் அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். கங்குப் படுகையின் மேல் சிறு நீலச் சுவாலைகள் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். மகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எரிவது கார்பன் மோனாக்சைடுதான். நீலம் தெரியும்வரை அந்த வாயுவில் ஒரு பகுதியாவது எரிந்து தீர்கிறது. நீலம் அடங்கி, சாம்பல் போர்த்தி, பார்ப்பதற்குச் சாதுவாக ஆனபிறகு அது எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. நான் டேம்பரை மூடியது மிகச் சரியாக அந்த நேரத்தில்.

கொழுந்துவிட்டு எரியும்போது பயந்து பயந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அப்போது புகைபோக்கியும் சூடாக இருக்கும், காற்றை நன்றாக இழுக்கும். கவலை தேவைப்படுவது அடங்கும்போது. கங்கு ஆற ஆற மேலே போகும் இழுவையும் குறையும். சில சமயம் குளிர்ந்த காற்று புகைபோக்கி வழியே கீழே இறங்கி, அந்த வாயுவை அறைக்குள் தள்ளிவிடும். வெளிச்சுவரில் கட்டிய புகைபோக்கி சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் இது இன்னும் சுலபம். எங்களுடையது அப்படிப்பட்டது.

அவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தச் சொன்னார். கணப்படுப்பின் வாயருகே பிடித்தால் புகை அழகாக உள்ளே போய் மேலேறியது. "இப்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள்" என்றார். போட்டேன். ஊதுபத்திப் புகை தயங்கியது, நின்றது, பிறகு என் முகத்தை நோக்கித் திரும்பி வந்தது. முன்பு இருந்தவர்கள் ஜன்னல்களையெல்லாம் சந்து இல்லாமல் அடைத்துப் புதுப்பித்திருந்தார்கள், பெரிய எக்ஸாஸ்டும் வைத்திருந்தார்கள். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழி இல்லையென்றால் புகைபோக்கி வழியாக வரும். குளியலறை ஃபேன், துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். சனிக்கிழமை மாலை நாங்கள் நெருப்பையும் மூட்டி, சமையலும் செய்து, ஃபேனையும் ஓடவிட்டிருக்கிறோம். ஆக, டேம்பரை மூடுவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டுதான் இருந்திருக்கும். கணப்படுப்பு உள்ள எல்லோரும் இந்த ஊதுபத்திச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

புகைபோக்கியின் உள்ளே கிரியோசோட் படிவும், மேலே ஒரு பழைய பறவைக் கூட்டின் மிச்சமும் இருந்தன. முழு அடைப்பு இல்லை, ஆனால் இழுவையைக் குறைக்கப் போதும். கிரியோசோட் என்பது சரியாக எரியாத புகை உள்சுவரில் தார்போல ஒட்டிக்கொள்வது. ஈர விறகை எரித்தால் அதிகம் படியும், அதுவே தீப்பிடிக்கவும் செய்யும். விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். குத்திப் பார்க்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வெளிப்பரப்பில் குத்தாமல், பிளந்த புதுப் பக்கத்தில் குத்த வேண்டும். என் விறகு 27 காட்டியது. வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன்பே புகைபோக்கியைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். நாங்கள் வந்து மூன்று குளிர்காலம் ஆகியும் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் கார்பன் மோனாக்சைடுக்கு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்பு உண்டு. அது உட்கார்ந்த இடத்தில் ஆக்சிஜன் உட்கார முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், விரல் கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதன் கண்ணுக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம்போலவே தெரியும். அன்று அம்மாவுக்கு வந்த 98 இப்படித்தான். ரத்தம் எடுத்து அதற்கென்று உள்ள சோதனையைச் செய்தால்தான் உறுதியாகத் தெரியும். ஹீமோகுளோபினில் இந்த வாயு பிடித்துக்கொண்டிருந்த பங்கு அம்மாவுக்கு 11 சதவீதம், மகளுக்கு 6, எங்களுக்கு 5. புகைபிடிக்காதவர்களுக்கு ஒன்றிரண்டு சதவீதம் இருப்பது சாதாரணம். அவசரத்தில் போகிறவர்கள் "தலைசுற்றல்" என்று மட்டும் சொல்லாமல், "வீட்டில் நெருப்பு எரிந்தது, எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் வந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் எந்தச் சோதனை எடுக்க வேண்டும் என்று மருத்துவருக்கே தோன்றாமல் போகலாம்.

சிகிச்சை, முகத்தில் மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு உயர் அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுப்பதும் உண்டு. கர்ப்பிணி என்றால் இன்னும் எச்சரிக்கையாக இருப்பார்கள், வயிற்றுக் குழந்தையைத்தான் இது அதிகம் தாக்கும். அம்மாவைக் காலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள். ஆனால் அடுத்த சில வாரங்களுக்கு அவரது ஞாபகம், நடை, மனநிலை ஆகியவற்றைக் கவனிக்கச் சொன்னார் மருத்துவர். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபிறகு, நாள்கள் கழித்துத் தடுமாற்றம் வருவதுண்டாம். நானும் தினமும் ஏதாவது கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அம்மா, "நீ எட்டாவதுல கணக்குல வாங்கின மார்க்கைச் சொல்லட்டுமா?" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது வீட்டில் மூன்று அலாரம். மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று, அம்மா வந்தால் அவர் அறைக்கு ஒன்று. தூக்கத்தில் காதில் விழும் இடம் என்பதுதான் முக்கியம். சிலிண்டர் சமையல் வாயு தரையோடு தங்கும் என்பதை வைத்து இதையும் தரையருகே வைக்க வேண்டும் என்பார்கள் சிலர். அந்த வாயு காற்றைவிடக் கனம், இது காற்றைவிடத் துளி லேசு, அறை முழுக்கக் கலந்துவிடும். கணப்படுப்பின் தலைமேலேயே மாட்டாமல் சில மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும், திரைச்சீலைக்குப் பின்னாலோ ஜன்னல் ஓரத்திலோ கூடாது. எவ்வளவு தூரம் என்பது அதனோடு வரும் தாளிலேயே இருக்கும். புகை அலாரம் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: அதற்கு இந்த வாயு தெரியவே தெரியாது. சத்தமும் வேறு. பொதுவாக மூன்று மூன்றாகக் கத்தினால் புகை, நாலு நாலாகக் கத்தினால் கார்பன் மோனாக்சைடு.

எண் காட்டும் அலாரத்தை வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அலாரங்கள் வாயு வந்த உடனே கத்துவதில்லை. ஐரோப்பியத் தரவிதிப்படி 50 பிபிஎம் என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். அமெரிக்க விதியில் 70-க்கு ஒன்றிலிருந்து நாலு மணி நேரம்வரை பொறுக்கும். அதற்கும் கீழே மணிக்கணக்கில் இருந்தால் சத்தமே வராமல் போகலாம். தலைவலி மட்டும் வரும். திரையில் உச்ச அளவைக் காட்டும் வசதி இருந்தால், காலையில் எழுந்து ராத்திரி என்ன நடந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நெருப்பு மூட்டும் நாளில் எக்ஸாஸ்ட் ஓடாது, கூடத்து ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கும். கடைசி விறகைப் படுக்கப் போவதற்கு ரொம்ப முன்பே போட்டுவிடுவேன். டேம்பர் மறுநாள் சாம்பல் முழுக்க ஆறும்வரை திறந்தே இருக்கும். சூடு வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். அதற்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டோம். இரவில் தகட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு அந்தக் கதவை மூடினால், அறைச் சூடு போவது குறைகிறது, வாயுவும் மேலேயே போகிறது. கேஸில் எரியும் அலங்கார விறகு வைத்திருப்பவர்கள், பழைய புகைபோக்கியில் பொருத்தியிருந்தால், டேம்பர் மூடவே முடியாதபடி கிளிப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்பிக்யூ கரியை மட்டும் எந்தக் கணப்படுப்பிலும் போடாதீர்கள். அது முழுக்க முழுக்கக் கங்குதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா 1902-இல் பாரிஸ் வீட்டில் இறந்தது இந்த வாயுவால்தான். படுக்கையறைப் புகைபோக்கி அடைத்திருந்தது, ஜன்னல்கள் மூடியிருந்தன. மனைவி பிழைத்துக்கொண்டார். பிரிட்டன் சுரங்கங்களில் 1980-கள் வரைக்கும் இந்த வாயுவை மோப்பம்பிடிக்க கேனரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் குருவி அம்மாதான் என்று மனைவி ஒருநாள் சொன்னாள், சிரிக்கத்தான் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை.

சாம்பலை அள்ளுவது இப்போது மகளோடு சேர்ந்து செய்யும் வேலை. மூடியுள்ள இரும்பு வாளி, அதுவும் வெளியே, சுவரைவிட்டுத் தள்ளி. கராஜிலோ மூடிய திண்ணையிலோ வைத்தால் அங்கிருந்தும் வாயு வீட்டுக்குள் வரும். போன ஞாயிறு மதியம், நெருப்பு அணைந்து பதினைந்து மணி நேரமாவது ஆகியிருக்கும், சாம்பல் கைக்குச் சில்லென்று இருந்தது. அவள் கம்பியால் மெல்லக் கிளறினாள். அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குச் சிவப்பு. "அப்பா, இன்னும் இருக்கு" என்றாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு, டேம்பரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, நாங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போனோம்.